நாவிதர் கேட்ட கேள்வி

படை கண்டு அஞ்சிய மன்னர் உண்டு. பஞ்சம் கண்டு அஞ்சிய மன்னர் உண்டு. பக்கத்து நாட்டான் பகை கண்டு அஞ்சியோரும் பலர் உண்டு. நாடகத்தில் வரும் நாவிதன் ஒருவனைக் கண்டு அஞ்சிய மன்னன் உண்டு என்றால் கேட்போர் நகைப்பர். நகைக்க வேண்டாம் தோழர்களே! அவன் பெயர் பதினாறாம் லூயி. பிரெஞ்சு நாட்டின் முடி அவன் தலையில் இருந்தது. அந்தத் தலைக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்பதை வரலாறு படித்தோர் அறிவர். அரண்மனையிலே, அவன் முன்னும் அரசி முன்னும் அந்த நாடகம் ஏடு ஏடாகப் படிக்கப்பட்டது. படித்தவர் கம்பான் என்னும் அரசவைப் பெண்மணி. பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் அவரே அதை எழுதி வைத்தார். ஐந்தாம் அங்கத்தில், இருளிலே தனியே நின்று பணியாளன் பேசும் இடம் வந்ததும், மன்னன் சட்டென எழுந்துவிட்டானாம். இது வெறுக்கத்தக்கது, இதை மேடையேற விடவே கூடாது, விடுவதென்றால் முதலில் பாஸ்டில் சிறையை இடித்தாக வேண்டும் என்றானாம். 1784 ஏப்ரல் 27-இல் நாடகம் மேடையேறியது. 1789 ஜூலை 14-இல் பாஸ்டில் விழுந்தது. மன்னன் இரண்டையும் சேர்த்தே கண்டான், வரிசைதான் மாறிப்போயிற்று.

நாடகத்தின் பெயர் ‘பிகாரோவின் திருமணம்’. எழுதியவர் போமார்ஷே. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னரே, 1775-இல், அவர் எழுதி அரங்கேற்றிய மற்றொரு நாடகம் ‘செவில் நகர நாவிதர்’. இரண்டிலும் நாயகன் ஒருவனே: பிகாரோ. கையில் சவரக்கத்தி, தோளில் கித்தார், நாவில் நையாண்டி, நெஞ்சில் நெருப்பு.

ஒரு சொல் இங்கே. கதைமாந்தரை ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதுவது நம் வழக்கம். ஆயின் சீமானும் நாவிதரும் ஒரே கதையில் வரும்போது, மொழிபெயர்ப்போர் பேனா தானாகவே ஒரு தந்திரம் செய்யும்: சீமானுக்கு ‘அவர்’, நாவிதருக்கு ‘அவன்’. ‘ர்’ ஒருவனுக்கு, ‘ன்’ மற்றவனுக்கு! இக்கட்டுரையில் பிகாரோ ‘அவன்’ என்றால், அல்மவீவா பிரபுவும் ‘அவன்’தான். பிரபுவின் பரம்பரை பொறுத்தருள்க.

இந்த இரு நாடகங்களைப் பற்றி ஐரோப்பியத் திறனாய்வாளர் பெரும்பாலும் கூறுவது இது: முதல் நாடகம் வேடிக்கை, இரண்டாவது புரட்சி. முதலாவது சிரிக்க, இரண்டாவது சிந்திக்க. நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அண்மையில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. முதல் நாடகத்துப் பிகாரோவுக்கு ஒரு கடை இருக்கிறது. இரண்டாம் நாடகத்துப் பிகாரோவுக்குக் கடை இல்லை. இந்தச் சிறு வேறுபாட்டிலேதான் நாடகங்களின் முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது என்று இப்போது கருதுகிறேன்.

முதல் நாடகத்தின் தொடக்கக் காட்சியைக் காண்போம். விடியற்காலைத் தெரு. பாட்டொன்றைக் கட்டிக்கொண்டே வருகிறான் பிகாரோ. ஓரடி பாடுகிறான், எழுதுகிறான், அடிக்கிறான், மறுபடி பாடுகிறான். மாறுவேடத்தில் மறைந்து நிற்கும் அல்மவீவா, இவன் பழைய எசமானன். எங்கே போயிருந்தாய், என்ன ஆனாய் என்று கேட்கிறான். வருகிறது ஒரு வரலாறு. பிரபுவின் பரிந்துரையால் அரசு வேலை கிடைத்ததாம்—குதிரைப் பண்ணையிலே மருந்து கலக்கும் வேலை! மனிதருக்கு மருந்து கொடுக்கும் உரிமை அவனுக்குக் கிட்டவில்லை, குதிரைக்குக் கொடுக்கலாம். அங்கேயும் கவிதை எழுதுகிறான் என்று குற்றம் சாட்டி வெளியேற்றினர். எழுத்தாளன் ஆனான், நாடகம் எழுதினான், கூச்சலிட்டு விரட்டினர். எழுத்துலகத்தைச் சுற்றிப் பார்த்தான்; ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் ஓநாய்க் கூட்டமாகக் கண்டான். கடன் மட்டும் மிஞ்சியது. எழுதுகோல் தரும் வெறும் புகழைவிடச் சவரக்கத்தி தரும் உறுதியான வருவாய் மேல் என்று முடிவு கட்டி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, செவில் நகரில் வந்து கடை போட்டான்.

இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். நாவிதர் வீட்டில் பிறந்ததால் நாவிதன் ஆனவனல்லன் அவன். பெற்றோர் யாரென்றே அறியாதவன். ‘உன் தந்தை கத்தி பிடித்தார், நீயும் பிடி’ என்று அவனுக்குச் சொல்ல எவரும் இல்லை. பல கதவுகளைத் தட்டிப் பார்த்து, பலவற்றில் அடிபட்டு, தானே தேர்ந்து எடுத்த தொழில் அது. தேர்ந்ததால்தான் அதன்மீது காதல்!

கடையின் அடையாளத்தைப் பிரபுவிடம் எவ்வளவு களிப்போடு சொல்கிறான் தெரியுமா? நீல வண்ணம் பூசிய முகப்பு. ஈயச் சட்டம் போட்ட சன்னல். மேலே தொங்கும் மூன்று கிண்ணங்கள். பலகையிலே ஒரு கை. கைக்குள்ளே ஒரு கண். அறிவாலும் கையாலும் என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் இரண்டு. அது பாரிஸ் அறுவை மருத்துவர் சங்கத்தின் முழக்கச் சொல். நாவிதன் அதைத் தன் பலகையில் எழுதிக்கொண்டான். திருட்டு என்பீரா? திருட்டல்ல; உரிமைக் கோரிக்கை! ஐரோப்பாவில் நெடுங்காலம் அறுவை செய்தவர், குருதி எடுத்தவர், எலும்பு பொருத்தியவர், பல் பிடுங்கியவர் யாவரும் நாவிதரே. பிரான்சில் 1743-இலும் இங்கிலாந்தில் 1745-இலும்தான் அறுவை மருத்துவரை நாவிதரிடமிருந்து சட்டப்படி பிரித்தனர். பிரித்தபோது, அறிவு ஒரு பக்கம் போயிற்று; கை மட்டும் நாவிதரிடம் எஞ்சியது. போமார்ஷே அதற்கு முப்பதாண்டு கழித்து எழுதுகிறார். அறிவையும் கையையும் பிகாரோ மறுபடி ஒரே பலகையில் சேர்த்து ஆணியடிக்கிறான்.

கண்ணை உள்ளங்கையில் வைத்த அந்தப் பலகையைப் படிக்கும் தமிழன் நெஞ்சில் வேறொரு நினைவும் எழாதிருக்க முடியாது. நம் நாட்டில் முடிதிருத்தும் மக்களுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘மருத்துவர்’. அரசின் சாதிப் பட்டியலிலும் அப்பெயர் இன்றும் இருக்கிறது. அவர் வீட்டுப் பெண்டிர்தான் ஊரார்க்குப் பேறு பார்த்த மருத்துவச்சியர். புண்ணுக்கு மருந்திட்டவர் அவர். கட்டியைக் கீறியவர் அவர். பிள்ளையைப் பூமிக்குக் கொண்டு வந்தவள் அவள். அந்த அறிவுக்கு ஊர் அளித்த மதிப்பு என்ன? கொல்லைப்புற வழி! அறுவடை நாளில் களத்து மூலையில் நின்று வாங்கும் சில மரக்கால் நெல்! தலையைத் தொட்டால் தோஷம் இல்லை. தாழ்வாரத்தைத் தொட்டால் தீட்டு! சொந்தக் கழுத்தைச் சவரக்கத்திக்குக் கீழே நம்பி நீட்டுகிறவன், அந்தக் கத்தி பிடித்தவனைத் திண்ணையில் உட்கார விடுவதில்லை. இதற்குச் சாத்திரத்தில் விளக்கம் இருக்கலாம், புத்தியில் இல்லை.

மீண்டும் செவிலுக்கு வருவோம். கிழட்டு மருத்துவன் பார்த்தலோ, தன் காவலில் உள்ள ரோசின் என்னும் இளம்பெண்ணைப் பூட்டி வைத்து, அவளையே மணக்கவும் அவள் பொருளை விழுங்கவும் திட்டமிடுகிறான். அல்மவீவா அவளைக் காதலிக்கிறான். பிரபுவுக்குப் பட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, பல்லக்கு இருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் நுழையும் வழி இல்லை. நாவிதனுக்கு அவ்வழி இருக்கிறது! அந்த வீட்டுக்கு முடிதிருத்துபவன், குருதி எடுப்பவன், மருந்து கலப்பவன் எல்லாம் அவனே. கதையின் ஒவ்வொரு திருப்பமும் அவன் தொழிலில் இருந்து முளைக்கிறது. வேலையாள் ஒருவனுக்குத் தூக்க மருந்து, இன்னொருவனுக்குத் தும்மல் பொடி, கோவேறு கழுதைக்குக் கண்ணிலே மாவுக் கட்டு—வீடே நாவிதன் கையில் சிக்கித் தள்ளாடுகிறது. மூன்றாம் அங்கத்தில், கிழவனைச் சவரத்துக்கு உட்கார வைத்துக் காதலர் பேச இடம் பண்ணுகிறான். சவரக் கிண்ணம் எடுக்கப் போகிறேன் என்று சாவிக்கொத்தை வாங்கி, சன்னல் சாவியைக் கழற்றிக்கொள்கிறான். சவரக்கத்தியை எடுத்துவிட்டால் நாடகமே இல்லை.

இப்படித் தொழிலின் உள்ளே இருந்து கதை பின்னுவது எளிதன்று. போமார்ஷேவுக்கு அது கைவந்ததற்குக் காரணம் உண்டு. அவர் பிரபு குலத்தில் பிறந்தவர் அல்லர். பெயரில் ஒட்டியிருக்கும் ‘தெ போமார்ஷே’ பின்னால் சேர்த்துக்கொண்டது. 1732-இல் பாரிஸ் நகரக் கடிகாரக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த பியேர் கரோன் அவர். தந்தையிடம் தொழில் கற்றார். இருபத்தொரு வயதில், கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் புதிய பொறியமைப்பு ஒன்றைக் கண்டறிந்தார். அரச கடிகாரக்காரர் லெபோத் அதைத் தம்முடையது என்று அறிவித்துவிட்டார்! பெரிய மனிதர், அரண்மனைச் செல்வாக்கு. சிறுவன் அஞ்சவில்லை. அறிவியல் கழகத்துக்கு முறையீடு எழுதினார். 1754-இல் கழகம், கண்டுபிடித்தவர் கரோனே என்று தீர்ப்பளித்தது. தன் கைத்திறனைப் பெரியவன் ஒருவன் களவாடினால் நெஞ்சு எப்படிக் கொதிக்கும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை.

பின்னர் அவர் அரண்மனைக்குள் போனார், அரசன் மகளிர்க்கு யாழ் கற்பித்தார், பணம் கொடுத்துப் பட்டம் வாங்கினார், வழக்காடினார், தோற்றார், வென்றார், அமெரிக்க விடுதலைப் போராளிகளுக்குத் துப்பாக்கிகூட அனுப்பினார். அந்தக் கதைகள் தனியே எழுதத்தக்கவை. அவர் 1777-இல் நாடக ஆசிரியர்களை ஒன்றுதிரட்டிச் சங்கம் கண்டு, எழுத்துக்கு உரிய பங்கை நடிகர் கூட்டத்திடம் கேட்டார் என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன். உழைப்புக்கு உரிய விலை—கடிகாரக் கடையில் தொடங்கிய வழக்கு அது.

இனி இரண்டாம் நாடகம். பிரபு ரோசினை மணந்து சலித்துவிட்டான். பிகாரோ கடையை மூடிவிட்டு, பிரபுவின் மாளிகையில் பணியாளாகச் சேர்ந்துவிட்டான்! சூசான் என்னும் பணிப்பெண்ணை மணக்கப் போகிறான். திருமணத்தன்று அவளை முதலில் தான் அடைய வேண்டும் என்று பிரபு வலை வீசுகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் பிகாரோவுக்கு இது பதவி உயர்வு. பிரபு இலண்டனுக்குத் தூதனாகப் போகும்போது இவனும் கடிதம் சுமந்து செல்லும் அதிகாரியாகப் போகலாம். ஆனால் யார் எவ்வளவு உயர்ந்தார்கள்? செவிலில் அவன் கடைச் சாவி அவன் இடுப்பில் இருந்தது. மாளிகையில் அவனிடம் பல சாவிகள் உண்டு, எதுவும் அவனுடையதன்று. செவிலில் பிரபு அவனிடம் உதவி கேட்டு நின்றான். மாளிகையில் அவன் மனைவியாகப் போகிறவளை மீட்கவே அவன் நாள் முழுவதும் சூழ்ச்சி செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த ஐந்தாம் அங்கப் பேச்சு இங்கிருந்துதான் வெடிக்கிறது. கஷ்கொட்டை மரங்களின் கீழே, இரவில், சூசான் தன்னை ஏமாற்றினாள் என்று தவறாக எண்ணி நிற்கிறான் பிகாரோ. பிரபுவை நோக்கிக் கேட்கிறான்—பிரபு அங்கே இல்லை. இருட்டு மட்டும் இருக்கிறது. பட்டம், பதவி, பொருள் இவற்றால் செருக்குற்று நிற்கிறாயே, இத்தனைக்கும் நீ பட்ட பாடு என்ன, பிறந்ததைத் தவிர? என்பது அந்தக் கேள்வியின் சாரம். தான் உயிர் வாழ்வதற்கு மட்டுமே செலவிட்ட அறிவைக் கொண்டு ஒரு பேரரசையே நூறு ஆண்டு ஆண்டிருக்கலாம் என்ற பொருளில் மேலும் பேசுகிறான். வேதியியல் படித்தான், மருந்தியல் படித்தான், அறுவை படித்தான்; பெரிய மனிதரின் செல்வாக்கு முழுவதும் சேர்ந்தும் மாட்டு வைத்தியன் கத்தி ஒன்றைத்தான் அவன் கையில் வைத்தது. பொருளாதாரம் எழுதினான், சிறை. ஏடு நடத்தினான்; தடை. ஓர் அரசுப் பதவிக்குத் தகுதியுடையவன் தேவைப்பட்டான். தகுதி இவனிடம் இருந்தது. வேலை வேறொருவனுக்குப் போயிற்று. கடைசியில் மறுபடி சவரக்கத்தி, தோல்பட்டை, நடை.

தோழர்களே, இந்த மனப்பாடப் பட்டியலை நாமும் வேறு மொழியில் கேட்டிருக்கிறோம் அல்லவா? தகுதி, திறமை என்று தராசு பிடிப்போர், தட்டு யார் பக்கம் சாய வேண்டும் என்பதைப் பிறப்பின்போதே முடிவு செய்துவிட்டுத்தானே தராசைத் தூக்குகிறார்கள்!

ஆயினும் என் கருத்து இதுதான்: இந்தப் பேச்சு இவ்வளவு சுடுவதற்குக் காரணம், அவன் கடையை விட்டுவிட்டு வந்திருப்பது. சொந்தத் தொழிலில் நின்றவரை அவன் சிரித்தான்; சிரிப்பால் குத்தினான். அடுத்தவன் மாளிகையில் அடைபட்டபின் அவனுக்குச் சினம் மட்டுமே மிஞ்சியது. அதை அவன் இருட்டில்தான் பேச முடிந்தது. முதல் நாடகத்தை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோர், வேடிக்கை செய்ய ஒருவனுக்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

இங்கே நான் மிகக் கவனமாகப் பேச வேண்டும். தொழிற்பற்று என்ற சொல்லைக் கேட்டாலே ஐயுறும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. ‘செய்யும் தொழிலை நேசி, உன் தொழில் உயர்ந்தது, ஆகவே அதிலேயே இரு’—இப்படிச் சர்க்கரை தடவித்தானே நஞ்சு ஊட்டினர்! சென்னை மாநிலத்தில் 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, பாதி நாள் தந்தையின் தொழில் என்றது. நாவிதர் மகன் பிற்பகலில் கத்தி தீட்டக் கற்க வேண்டும். நீதிபதி மகன் பிற்பகலில் என்ன கற்பான் என்பதைச் சொல்லத் தேவையே இல்லை. குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு எதிர்த்தது; 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தை நினைவில் வைத்திருக்கும் எவரும், சவரக்கத்தியின் அழகைப் பாடும் நாடகத்தைச் சற்று முறைத்துத்தான் பார்ப்பர்.

முறைத்தே பார்த்தேன். பார்த்த பின்னும் பிகாரோவின் பக்கமே நிற்கிறேன். ஏனெனில் அவன் தொழிலை விரும்புகிறான். அந்தத் தொழிலுக்குள் அடைபட மறுக்கிறான். பாட்டு எழுதுகிறான், அரசியல் பேசுகிறான், மருத்துவம் கேட்கிறான், பதவி கேட்கிறான். கதவு திறந்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவனும், பூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவனும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுடைய உட்காருதல் ஒன்றாகாது.

வரலாற்றிலும் அப்படி ஒரு நாவிதர் இருந்தார். நாடகத்தைவிட அவர் கதை எனக்கு உவப்பு. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்புருவாஸ் பாரே, நாவித மருத்துவரிடம் பயிற்சி பெற்றுத் தொடங்கியவர். துப்பாக்கிக் காயத்தில் கொதிக்கும் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது அன்றைய நூல்களின் கட்டளை. 1537-இல் துரின் நகரப் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. முட்டை மஞ்சள் கரு, ரோசா எண்ணெய், டர்ப்பன்டைன் மூன்றையும் குழைத்துத் தடவினார். விடியுமுன் எழுந்து ஓடிப் பார்த்தார். எண்ணெய் ஊற்றப்பட்டோர் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்தனர். களிம்பு தடவப்பட்டோர் நன்கு உறங்கியிருந்தனர். நூல் சொன்னதைக் கண் மறுத்தது. அவர் கண்ணை நம்பினார். அவருக்கு இலத்தீன் தெரியாது. தாய்மொழியாம் பிரெஞ்சிலேயே நூல்கள் எழுதினார். பாரிஸ் மருத்துவப் புலவர் குழாம் கொதித்தெழுந்தது: நாவிதன் நூல் எழுதுவதா? அதுவும் நாட்டு மொழியிலா? மறைமொழியில் மறைத்து வைத்ததைக் கடைத்தெருவில் கொட்டுவதா? பாரே நான்கு மன்னர்க்கு அறுவை மருத்துவராக இருந்து மறைந்தார். அவரை எதிர்த்தோர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நாடகம் இசை நாடகமானபோது நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். வியன்னாவில் ‘திருமணம்’ நாடகத்தை மேடையில் ஆடப் பேரரசர் தடை விதித்திருந்தார். டா பான்டே அதை இசை நாடகமாகச் சுருக்கினார், மோசார்ட் இசையமைத்தார், 1786 மே முதல் நாள் அரங்கேற்றம். இசையோ வானளாவியது. ஆனால் ஐந்தாம் அங்கப் பேச்சு எங்கே? இல்லை. பிரபுக்களைப் பழித்த இடத்தில், பெண்களை நம்பாதீர் என்று பெண்களைப் பழிக்கும் பாட்டு! மேலே எறிய வேண்டிய கல்லைக் கீழே எறியச் செய்தால் அரசவைக்கு உறக்கம் கெடாது. எல்லா நாட்டுக் கலைஞருக்கும் இந்தச் சமரசம் பழக்கமானதே. 1816-இல் ரோமில் ரோசினி அமைத்த ‘செவில் நாவிதர்’ வேறு வகை. அதில் பிகாரோ மேடைக்கு வரும்போது பாடும் பாட்டு உலகப் புகழ் பெற்றது: விடிந்தது, கடைக்கு விரைகிறேன், என் வாழ்வு எத்தனை இனிது, எல்லாரும் என்னையே அழைக்கிறார்கள், இங்கே பிகாரோ, அங்கே பிகாரோ என்ற பொருளில். ஒரு தொழிலாளி தன் வேலையின் மகிழ்ச்சியை மட்டுமே பாடும் பாட்டு, அரண்மனைச் சீமாட்டிகள் வைர மாலையுடன் வந்து கேட்டுக் கைதட்டும் பாட்டாயிற்று. அவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டு நாவிதர் பெயரை அறிந்திருந்தனரோ!

நம் தமிழில் இதற்கு ஒப்பான படைப்பு உண்டா எனின், 2021-இல் வந்த ‘மண்டேலா’ திரைப்படத்தைச் சொல்ல வேண்டும். மடோன் அஷ்வின் எழுதி இயக்கியது. யோகி பாபு முடிதிருத்துபவராக நடித்தது. ஆலமரத்தடியில் கிடக்கும் ஒருவன், பெயரே இல்லாதவன், ஊரார் வைத்த இழிபெயர்தான் பெயர். அவன் ஆசை ஒன்றே: சொந்தமாகச் சலூன் வைக்க வேண்டும். சேர்த்த காசைப் போட அஞ்சலகம் போகிறான். கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டும், அடையாளம் வேண்டும். அஞ்சலகப் பணிப்பெண் நெல்சன் மண்டேலா என்று பெயர் சூட்டுகிறாள். வாக்காளர் அட்டை வருகிறது. இரண்டு சாதியாகப் பிளந்து நிற்கும் ஊரில், தேர்தலின் வெற்றி தோல்வி அவனது ஒரே வாக்கில் தொங்குகிறது. கொல்லைப்புற வழியில் வரச் சொன்னவர்கள் அவன் காலடியில் வந்து நிற்கிறார்கள். நல்ல படம், துணிவான படம், உரையாடலுக்கும் புதுமுக இயக்கத்துக்கும் தேசிய விருது பெற்றது தகும்.

ஆனால் ஒரு குறை. இப்படம் 2023-இல் தெலுங்கில் ‘மார்ட்டின் லூதர் கிங்’ என்று மறுபடி எடுக்கப்பட்டது. அதில் நாயகன் செருப்புத் தைப்பவன். தொழில் மாறியது, கதை ஆடாமல் அசையாமல் நின்றது! அப்படியானால், தமிழ்ப் படத்தில் கத்தரிக்கோலின் வேலை என்ன? அது சாதியைக் காட்டும் அடையாளம், அவ்வளவே. ஒரு தலையை எப்படி அவன் பார்க்கிறான், எந்தக் கத்தியை விரும்புகிறான், நேர்த்தியாக முடித்தபின் கண்ணாடியில் எதைக் காண்கிறான் என்பதைப் படம் கேட்கவில்லை. அவனுக்கு அரசியல் உரிமையைத் தந்த படம், கலைஞன் என்ற உரிமையைத் தர மறந்துவிட்டது. போமார்ஷேவின் நாடகத்தில் சவரக்கிண்ணத்துக்குப் பதிலாகச் செருப்பை வைத்துப் பாருங்கள். மூன்றாம் அங்கம் முறிந்து விழும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டுச் சலூன் ஒரு பெருங்கதைக்கு உரிய களம். வீடு வீடாகப் போய் மரத்தடியிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் வேலை செய்தவர், ஒரு வாடகைக் கடை பிடித்து, சுழல் நாற்காலி போட்டு, கண்ணாடி மாட்டி, கட்டணப் பலகை தொங்கவிட்ட நாளில் நடந்தது சிறு மாற்றமன்று. நெல் போய்க் காசு வந்தது. ‘வாடா’ என்று அழைத்தவன் வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தான். எந்தத் தலைக்கும் ஒரே நாற்காலி—இதுதான் கடையின் அறம். இந்த அறத்தைப் பல சிற்றூர்களில் ஆதிக்கச் சாதியார் இன்னும் நடக்க விடுவதில்லை. ஒடுக்கப்பட்டோர்க்கு முடிதிருத்தினால் உனக்கு ஊரில் வேலை இல்லை என்று, தாழ்த்தப்பட்ட ஒருவரைக் கொண்டே இன்னொருவரைத் தாழ்த்துகின்றனர். அந்தக் கத்தியைப் பிடித்திருக்கும் கை நாவிதருடையது. பிடிக்க வைத்த கை வேறு. நகரத்துச் சலூன்களோ ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் ‘முரசொலி’யும் கிடந்த படிப்பகங்களாயின. ஒருவர் உரக்கப் படிப்பார்; சவரக்கத்தி ஒரு கணம் நிற்கும்; வாதம் தொடங்கும். இந்த இயக்கத்தின் இளைஞர் பலர்க்கு முதல் பள்ளி அதுதான். இன்றும் தூத்துக்குடியில் ஒருவர் தம் முடிதிருத்தகத்துக்குள் நூலகம் அமைத்து, படிப்போர்க்குக் கட்டணத்தில் சலுகை தருகிறார். கைக்குள் கண் வரைந்த பலகை செவிலில் கற்பனை, இங்கே மெய்.

பாரிசில் 1826-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் நாளேடு ஒன்று பிகாரோவின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று அது வலதுசாரி ஏடு. பிகாரோ படித்தால் என்ன சொல்வானோ!

பிகாரோவைப் பற்றி எனக்கிருந்த மற்றொரு மனக்குறை, இரண்டாம் நாடகத்தில் அவன் பிறப்பு வெளிப்படும் இடம். கடனைத் திருப்பாவிட்டால் மணக்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்த மார்சலின் என்பவளே அவன் தாய். பழைய பகைவன் பார்த்தலோவே தந்தை. பிறப்பைப் பழித்த நாடகம் கடைசியில் பிறப்பைத் தேடிப் போவதா என்று முதலில் எரிச்சல் கொண்டேன். பிறகு தெளிந்தது. தான் ஏதோ பெருங்குடியில் பிறந்து திருடப்பட்டவன் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவன் பிகாரோ. அந்தக் கனவைத்தான் ஆசிரியர் உடைக்கிறார்: சீமான் வீட்டுப் பிள்ளையல்ல நீ; மணமாகாத ஏழைப் பெண்ணொருத்தி பெற்றுப் பறிகொடுத்த பிள்ளை.

அந்த மார்சலின் அங்கே பேசும் பேச்சுக்காகவே நம் நாடகக் குழுவினர் இதை மேடையேற்ற வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்றாம் அங்கம். வழக்கு மன்றம். இளமையில் வறுமை துரத்த, ஆடவர் சூழ்ந்து கெடுத்துவிட்டு, பிறகு அவர்களே நீதிபதிகளாக அமர்ந்து தண்டிக்கிறார்களே என்று வெடிக்கிறாள். பெண்கள் பிழைக்கத் தொழில் ஏதேனும் விட்டு வைத்தீர்களா? பெண்களை அழகுபடுத்தும் வேலையேனும் பெண்களுக்கு இயல்பான உரிமையாக இருந்தது. அதையும் ஆடவர்க்குக் கற்றுக்கொடுத்து எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்களே என்று கேட்கிறாள். 1784-இல் பாரிஸ் நடிகர்கள், இத்தனை கடுமையான பேச்சு நாடகத்தின் களிப்பை மங்கச் செய்துவிடும் என்று அஞ்சி அதை வெட்டிவிட்டனர். வெட்டிய பகுதியை போமார்ஷே நூலின் முன்னுரையில் முழுமையாக அச்சிட்டு வைத்தார். மொழிபெயர்க்க முன்வரும் தோழர் அந்த முன்னுரையை விடாமல் படிக்க வேண்டும். நடிக்க முன்வரும் தோழியர் அந்தப் பேச்சை விட்டுக்கொடுக்கக் கூடாது.